தங்கைக்கு முன்னால் ஏழு லட்சம் பேர்

ஜனவரி 9

அன்புள்ள வாயாடித் தங்கச்சிக்கு,

சொல்வது அண்ணன், எழுதுவது மருமகள். இங்கே என் முட்டியைத் தவிர மற்ற உறுப்பெல்லாம் சௌக்கியம். அங்கே உன் காதைத் தவிர மற்றதெல்லாம் சௌக்கியமாக இருக்க வேண்டும். மாப்பிள்ளையையும் விசாரித்ததாகச் சொல். அவருக்குப் போன் போட்டால் 'ம்' என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வருவதில்லை. உனக்குப் போட்டால் கேட்பதே இல்லை. நமக்குத் தபால்தான் கதி.

மகன் வீட்டுக்கு வந்து நாலு மாதம் ஆகிறது. அவன் கப்பலில் இருக்கிறான், வருஷத்துக்கு ஒருமுறை வருவான். வீட்டில் நானும் மருமகளும்தான். பதினோராவது மாடி. கதவுக்குச் சாவி கிடையாது, எண்ணை அமுக்க வேண்டும். தியேட்டரில் முப்பத்தெட்டு வருஷம் டார்ச் பிடித்து சீட்டு நம்பர் காட்டியவனுக்கு எண்ணா தெரியாது? எழுத்துதான் தெரியாது. ஆனால் கதவைத் திறந்து போய் என்ன செய்ய? கீழே நாலு வரிசை கார், ஒரு மருந்துக்கடை, அதற்கப்பால் மதில். மேலே இருந்தால் எதிர்க் கட்டடத்தின் ஜன்னல்கள். நூற்றுப்பத்து. எண்ணிவிட்டேன். ஒன்றையும் யாரும் திறப்பதில்லை.

மருமகள் நல்ல பிள்ளை. வீட்டிலிருந்தபடியே கடைகளுக்கு விளம்பர வாசகம் எழுதிக் கொடுக்கிறாள். என் பேச்சுக்கு அவள் கை ஈடு கொடுக்கவில்லையாம். போனை மூன்று கால் தாங்கியில் நிறுத்தி என் பேச்சைப் பிடித்துவைத்துக்கொண்டு, பிறகு பார்த்து எழுதுகிறாள்.

சும்மா உட்கார்ந்திருந்தால் பழசெல்லாம் வருகிறது. நாற்பத்தாறு வருஷத்துக்கு முன்னால் நீ வந்தாயே, அது. புதன்கிழமை, மழை, மேட்னி ஷோ, மூன்றாவது ரீல் ஓடுகிறது. பின்கேட்டில் ஒரு பையோடு நிற்கிறாய். இடது செருப்பில் வார் இல்லை. உனக்குக் கல்யாணமாகி ஏழு மாதம். நான் டார்ச்சை உன் முகத்தில் அடித்தேன், உடனே அணைத்தேன். ஏன் என்று கேட்கவில்லை. திரைக்குப் பின்னால் போஸ்டர் அறையில் இரண்டு நாள் வைத்துக்கொண்டேன். அங்கிருந்து பார்த்தால் படம் இடம் வலமாகத் தெரியும். "எழுத்தெல்லாம் திரும்பியிருக்கே அண்ணா" என்றாய். "எனக்கு எப்படி இருந்தாலும் ஒண்ணுதான்" என்றேன். அப்போதுதான் சிரித்தாய். மூன்றாம் நாள் நீயாகத் தலைசீவிக்கொண்டு "போறேன்" என்றாய், பஸ் ஏற்றிவிட்டேன். இன்றுவரை ஒரு ஈ காக்கைக்கு நான் சொன்னதில்லை.

ஒருத்தர் பையோடு வந்து நின்றால் ஏன் என்று கேட்கக் கூடாது. இடம் இருக்கிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும். இதை ஏன் இப்போது சொல்கிறேன் என்று தெரியவில்லை.

உன் வீட்டுப் பின்னறை இன்னும் ஒழுகுகிறதா? சும்மாதான் கேட்டேன்.

மறக்காமல் காது மருந்தைப் போட்டுக்கொள்ளும்படி சொல்லும்,
அண்ணன்


ஜனவரி 16

அன்புள்ள அண்ணாவுக்கு,

தங்கை எழுதிக்கொண்டது. உன் முட்டிக்கு என்ன தைலம் தடவுகிறாய்? இங்கே இவர் சுகம். நான் இருக்கிறேன்.

உன் கடிதம் இன்னும் வரவில்லை. ஆனால் அது ரொம்ப நன்றாக இருக்கிறது என்று தெருவே சொல்கிறது.

நேற்றுக் காது ஆஸ்பத்திரிக்குப் போனேன். நர்ஸ் போனை என் முன்னால் நீட்டினாள். பார்த்தால் நீ! ஜன்னல் பக்கம் நாற்காலியில் உட்கார்ந்து வாயை அசைத்துக்கொண்டிருக்கிறாய். எனக்குத்தான் சத்தமில்லையே. அடியில் ஓடிய எழுத்தை மட்டும் படித்தேன்: 'நாற்பத்தாறு வருட ரகசியம். தாத்தா தங்கைக்குச் சொல்லும் கடிதம்.' நர்ஸ் கண்ணைத் துடைக்கிறாள். "என்னடி சொல்றார்?" என்று கேட்டேன். 'உங்களுக்கே தெரியாதா அம்மா?' என்று சீட்டில் எழுதிக் காட்டினாள். ஏழு லட்சம் பேர் பார்த்திருக்கிறார்களாம். தங்கைக்குச் சொன்னது தங்கைக்கு மட்டும் தெரியாது. இப்படி ஒரு கூத்து உண்டா?

என்ன சொன்னாய் அண்ணா? எந்த ரகசியம்? எனக்குத்தான் காது கேட்காது. இவருக்கு நன்றாகவே கேட்கும்.

இப்படிக்கு உன் தங்கை

(17ஆம் தேதி) இதை ஒட்டும் முன் தபால்காரர் வந்துவிட்டார். படித்தேன். பின்னறை ஒழுகவில்லை.


பிப்ரவரி 2

தங்கச்சிக்கு,

அண்ணன் சொல்வது. உன் கடைசி வரிக்கு அப்புறம் எனக்குச் சோறு இறங்கவில்லை. நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கவும் வாய் வரவில்லை, ஆனாலும் கேட்கிறேன்.

எனக்குத் தெரியாது. நம்பு. மருமகளைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன்.

"ஏம்மா, இது ஒட்டி அனுப்புற கடிதம்தானே?"

"என்கூடப் படிச்ச நாலு பேருக்குத்தான் மாமா அனுப்பினேன். எங்க மாமா எவ்வளவு அழகாப் பேசறார் பாருங்கன்னு. அவங்க நாலு நாலு பேருக்கு அனுப்பிட்டாங்க."

"ஏழு லட்சத்துக்கு எத்தனை நாலும்மா?"

அழுதாள். அழுதுவிட்டு, எல்லாம் விளக்கினாள். அவள் தொழில் அதுதானே. மக்கள் தங்களுக்குப் பிடித்ததை அடுத்தவருக்கு அனுப்ப மாட்டார்களாம். "அனுப்பினா நாம எப்படித் தெரிவோம்னு பார்த்துதான் மாமா அனுப்புவாங்க. உங்களை அனுப்பினா, எனக்கு ஈர மனசுன்னு சொல்லாமலே சொன்ன மாதிரி." அதோடு முதல் மூன்று நொடியில் நெஞ்சைப் பிடிக்க வேண்டுமாம். சிரிப்போ, அழுகையோ, கோபமோ, ஐயோ என்று ஒரு திகைப்போ. உன் அறுந்த செருப்பைப் பற்றி நான் சொன்னதை அவள் வீடியோவின் ஆரம்பத்தில் எடுத்து ஒட்டியிருக்கிறாள்.

எனக்கு இது புதுசில்லை. எங்கள் முதலாளி மூன்றாவது வரிசையில் ஒரு அம்மாவை இலவசமாக உட்கார வைப்பார். இடம் பார்த்து மூக்கை உறிஞ்சுவதுதான் அந்த அம்மா வேலை. அவள் உறிஞ்சினால் வரிசையே உறிஞ்சும், வரிசை உறிஞ்சினால் கொட்டகையே உறிஞ்சும். ஷோ விட்டதும் சிவந்த கண்ணோடு வெளியே வருவார்கள். அடுத்த ஷோவுக்குக் கியூவில் நிற்பவன் போஸ்டரைப் பார்க்க மாட்டான், அந்தக் கண்களைத்தான் பார்ப்பான். நான் ஒருமுறை தெரியாமல் அழுகிறவர்கள் மேல் டார்ச் அடித்துவிட்டேன். முப்பது பேரும் சட்டென்று நிறுத்திவிட்டார்கள். இருட்டு வேண்டும் அவர்களுக்கு. இப்போது அவர்கள் இருட்டில் இருக்கிறார்கள், டார்ச் என் முகத்தில் இருக்கிறது.

"எங்கே பார்த்தாங்களோ அங்கேயே மன்னிப்புக் கேட்டா சரியாகும் மாமா" என்கிறாள். எனக்கும் அது நியாயமாகப் பட்டது. அதனால் இதையும் போனுக்கு முன்னால்தான் சொல்கிறேன். தங்கச்சி, என்னை மன்னித்துவிடு. மாப்பிள்ளையும் மன்னிக்க வேண்டும்.

பதிலை எதிர்பார்க்கும்,
அண்ணன்

அத்தை, தப்பு முழுக்க என்னுடையது. முதல் வீடியோவை எடுத்துவிட்டேன். ஆனால் மற்றவர்கள் இறக்கி வைத்திருப்பதை என்னால் எடுக்க முடியவில்லை. (மருமகள்)


மார்ச் 20

மச்சான் அவர்களுக்கு,

உங்கள் மாப்பிள்ளை எழுதுவது. உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளவும். நான் பஸ் டிப்போவில் போல்ட் முடுக்கியவன், நீட்டி எழுத வராது.

அந்த இரண்டு நாள் நான் நாலு ஊர் அலைந்தேன். சிநேகிதி வீட்டில் இருந்ததாக வந்து சொன்னாள். நம்பினேன். ஏன் போனாள் என்று நான் யாரையும் கேட்க வேண்டியதில்லை. எனக்குத் தெரியும். இத்தனை வருஷம் அதை வெளியே எடுத்துப் பார்க்காமல் வைத்திருந்தேன். இப்போது பஞ்சர் கடைக்காரன் எடுத்துப் பார்க்கிறான்.

முதல் கடிதம் பாதித் தெருவுக்குத்தான் எட்டியது. மன்னிப்புக் கேட்டு மீதித் தெருவுக்கும் சொல்லிவிட்டீர்கள்.

அவள் வெளியே வருவதில்லை. ஆஸ்பத்திரிக்கும் போவதில்லை. முந்தாநாள் ஒரு பெண் வாசலில் நின்று, "அந்தத் தங்கச்சி நீங்கதானா? ஒரு தடவை கடிதம் படிக்கிற மாதிரி காட்டுங்க" என்று போனைத் தூக்கினாள். கதவைச் சாத்தினேன்.

அவள் எழுத மாட்டாள். எழுதினால் அதையும் அந்தப் போனுக்கு முன்னால்தானே உங்களுக்குப் படித்துக் காட்டுவார்கள்? அவள் காதுக்கு ஒரு ஆள் வேண்டும், உங்கள் கண்ணுக்கு ஒரு ஆள் வேண்டும். நடுவில் இருக்கிற ஆள் சரியில்லாதபோது வண்டியை நிறுத்திவைப்பதுதான் நல்லது.

வேறொன்றுமில்லை.
மாப்பிள்ளை


ஏப்ரல் 11

தங்கச்சிக்கும் மாப்பிள்ளைக்கும்,

இது மருந்துக்கடையில் நின்று சொல்வது. தைலம் வாங்குகிறேன் என்று இறங்கி வந்திருக்கிறேன். எழுதுவது கடைக்காரர், நல்ல மனுஷன். இங்கே போன் தாங்கி கிடையாது. நீங்கள் இரண்டு பேரும் சுகமா, சாப்பிடுகிறீர்களா? இரு, ஒருத்தர் இருமல் மருந்து கேட்கிறார்.

சொல்கிறேன். நீங்கள் எழுதுவதை நிறுத்தியும் நான் கடிதம் சொல்வது நிற்கவில்லை. தினமும் காலை பத்து மணிக்கு ஜன்னலில் வெளிச்சம் சரியாக விழும். நாற்காலி நகராமலிருக்க மருமகள் தரையில் டேப் ஒட்டியிருக்கிறாள். "இன்னைக்கு முடியுமா மாமா?" என்று காப்பியோடு கேட்பாள். அதட்டினால் மறுக்கலாம், காப்பி கொடுத்துக் கேட்டால் எப்படி மறுப்பது? உன்னைப் பற்றி இனி ஒரு வார்த்தை வராது என்று சத்தியம் வாங்கியிருக்கிறேன், அதை அவள் காப்பாற்றுகிறாள். 'அன்புள்ள தங்கச்சிக்கு' என்றுதான் ஆரம்பிக்கிறேன். ஆனால் எதையும் எழுதுவதில்லை, ஒட்டுவதில்லை, அனுப்புவதில்லை. பதில் வராத தங்கைக்குக் கடிதம் சொல்லும் கிழவன். அது இன்னும் நன்றாக ஓடுகிறதாம்.

தண்ணீர்க் குழாய் ரிப்பேரானதைச் சொன்னால், "இன்னொண்ணு சொல்லுங்க மாமா" என்கிறாள். "மூக்கு அடைச்சா நிறுத்துங்க, மனசுக்குள்ள மூணு எண்ணுங்க, அப்புறம் சொல்லுங்க" என்கிறாள். லிஃப்டில் ஏறினால் முன்பின் தெரியாதவர்கள் என் தோளைப் பிடித்து, "அழாதீங்க தாத்தா" என்கிறார்கள். நான் பால் வாங்கப் போகிறேன், எனக்கு எங்கே அழுகை?

முந்தாநாள் நம் அம்மா செத்ததைச் சொன்னேன். உனக்குத் தெரியும், அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லிக்கொண்டே வரும்போது, இந்த இடத்தில் நிறுத்தினால் நன்றாக இருக்குமே என்று பட்டது. நிறுத்தினேன். மூன்று எண்ணினேன். அப்புறம்தான் பயம் வந்தது. தங்கச்சி, அம்மா சாவில் எது நிஜமாக நடந்தது, எதை நான் நன்றாயிருக்கும் என்று வைத்தேன் என்று நேற்றிலிருந்து பிரித்துப் பார்க்கிறேன். ரீல் நம்பர் முதற்கொண்டு நினைவு வைத்திருக்கிறவன் நான். பிரிக்க வரவில்லை.

எனக்கு இங்கே இருக்க வேண்டாம். பின்னறையில் இடம் இருந்தால் வந்துவிடுகிறேன். மகனுக்கும் மருமகளுக்கும் மனம் கோணாமல், நீங்கள் கூப்பிட்டீர்கள் என்று சொல்லிக்கொண்டு வருகிறேன். வீட்டுக்கு எழுத வேண்டாம், இந்தக் கடை விலாசத்துக்கு எழுதுங்கள். கடைக்காரர் படித்துச் சொல்வார்.

அவசரமாக,
அண்ணன்


ஏப்ரல் 28

தங்கச்சிக்கு,

எல்லாரும் சௌக்கியம் என்று நினைக்கிறேன். நான் சௌக்கியம். எழுதுவது மறுபடி மருமகள்தான். வேறு யாரை நம்புவது?

அந்தக் கடைக்காரர் கடிதத்தை ஒட்டும் முன் படம் எடுத்திருக்கிறார். இரக்கப்பட்டுத்தான். 'பதினோராவது மாடியில் சிறை வைக்கப்பட்ட வைரல் தாத்தா' என்று போட்டுவிட்டார். ஒரே நாள். என் அழுகை ஒரு வாரத்தில் போன தூரத்தை அது ஒரே நாளில் தாண்டிவிட்டது.

கேட்டில் முப்பது பேர் வந்து நின்றார்கள். "தாத்தாவை விடு" என்று சத்தம். செக்யூரிட்டி என்னைப் பார்த்து, "தாத்தா, நிஜமாவே கட்டிப்போட்டாங்களா?" என்கிறான், நான் அவனிடம் தினமும் பேப்பர் வாங்கிப் படம் பார்க்கிறவன். மருமகள் போனில் முகம் தெரியாதவர்கள் என்னென்னவோ அனுப்புகிறார்கள். நான் கேட்டும் அவள் படித்துக் காட்டவில்லை. அவளுக்கு எழுத வேலை கொடுத்த கடைகளும் நிறுத்திவிட்டன. கப்பலிலிருந்து மகன் கூப்பிட்டு, "அப்பா, உங்களை யாரு என்ன செஞ்சா?" என்று கேட்டான். என்னவென்று சொல்ல? காப்பி கொடுத்தாள் என்றா?

வீங்கின கண்ணோடு அவள் அப்போதும் பாடம்தான் எடுக்கிறாள். "கோபத்துக்குக் கால் ஜாஸ்தி மாமா. அழுதவன் ஒருத்தருக்கு அனுப்பினா, கோபப்பட்டவன் பத்து பேருக்கு அனுப்புவான். நியாயம் தன் பக்கம்னு தோணுதில்ல." அவளுக்கு எல்லாம் தெரிந்துதான் இருந்தது. நெருப்பு எப்படிப் பரவும் என்று தெரிந்தவள் வீட்டிலும் நெருப்பு அப்படித்தானே பரவும்.

நானே போனுக்கு முன்னால் உட்கார்ந்து, எனக்கு ஒரு குறையும் இல்லை, மருமகள் தங்கம், எல்லாரும் வீட்டுக்குப் போங்கள் என்று சொன்னேன். தொள்ளாயிரம் பேர் பார்த்தார்கள். கிழவன் நன்றாக இருக்கிறான் என்பதை எவன் அடுத்தவனுக்கு அனுப்புவான்? அதிலும் பாதிப் பேர், "பக்கத்துல நின்னு மிரட்டுறாங்க, கண்ணைப் பாருங்க" என்று எழுதியிருக்கிறார்களாம்.

இப்போது நான் பையைத் தூக்கிக்கொண்டு உன் வீட்டுக்கு வந்தால் என்ன ஆகும், யோசித்துப் பார். பாத்தியா, தப்பிச்சுட்டார் என்பார்கள். நான் வெளியே வந்தால் அவள் குற்றவாளி. உள்ளே இருந்தால்தான் அவள் மனுஷி. ஆகவே மருந்துக்கடையில் நான் சொன்னதை மறந்துவிடு. அது ஏதோ ஒரு நாள் மூட்டு வலியில் சொன்னது.

கூப்பிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளும்,
அண்ணன்


மே 30

அண்ணா,

உன் தங்கைதான். கோபத்தில் நாலு மாதம் பேனாவைத் தொடவில்லை. தொட்டதும் கை வலிக்கிறது. உன் முட்டி வலிக்கு இது ஜோடி.

மருந்துக்கடைக் கையெழுத்தில் ஒரு அண்ணன் வா என்று கூப்பிடச் சொல்கிறான். மருமகள் கையெழுத்தில் ஒரு அண்ணன் கூப்பிடாதே என்கிறான். இரண்டிலும் பேச்சு உன்னுடையது, கை உன்னுடையது இல்லை. எவனை நான் நம்ப?

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். போன வாரம் இவர் காலண்டர் தாளைக் கிழித்துப் பின்பக்கம் ஏதோ எழுதி என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு எழுந்து போனார். 'அன்னைக்கு உன்னை அடிச்சிருக்கக் கூடாது.' அவ்வளவுதான். நாற்பத்தாறு வருஷம் கழித்து, என் காது போன பிறகு, மனுஷன் வாயைத் திறக்கிறார், அதுவும் தாளில். நான் பதில் எழுதவில்லை. தாளை எடுத்து வைத்திருக்கிறேன். இதற்காக உனக்கு நன்றி சொல்வேன் என்று நினைக்காதே. ஏழு லட்சம் பேர் தள்ளித்தான் அந்த ஒரு வரி வந்தது. அது வேண்டாம் என்று நினைக்கிற நாளும் உண்டு, வேண்டும் என்று நினைக்கிற நாளும் உண்டு.

பின்னறையில் இருந்த சைக்கிளை விற்றாயிற்று. கட்டில் போட்டாயிற்று. ஊர் என்ன சொன்னால் என்ன? அவர்களுக்கு அடுத்த வாரம் வேறொரு தாத்தா கிடைப்பார். வா.

மருமகளே, இதைப் படிக்கிறவள் நீதான். போனை அணைத்துவிட்டுப் படி. உன்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. அது எனக்கும் உனக்கும் நடுவில் இருப்பது, முப்பது பேர் கேட்டில் வந்து நிற்கிற கோபம் இல்லை. நீயும் சாப்பிடு.

காத்திருக்கும்,
தங்கை


ஜூலை 12

மச்சானுக்கு,

நலம்தானே? ஆறு வாரமாகப் பதில் இல்லை. அவள் தபால்காரரைப் பார்த்ததும் எழுந்து நிற்கிறாள், பிறகு உட்காருகிறாள். என்னால் பார்க்க முடியவில்லை.

நானே வந்து அழைத்துப்போகிறேன். பின்பக்க வழியாக இறங்கலாம், யாரும் பார்க்க வேண்டியதில்லை. நீளமாக எழுத வேண்டாம். 'வா' என்று ஒரு எழுத்துப் போட்டு அனுப்பச் சொல்லுங்கள். வேண்டாம் என்றால் அதையும் சொல்லுங்கள். நடுவில் நிறுத்தி வைக்காதீர்கள்.

மாப்பிள்ளை


ஆகஸ்ட் 3

என் உயிருக்கு உயிரான தங்கைக்கும், அவள் அன்புக் குடும்பத்தாருக்கும்,

இந்த அண்ணனின் நெஞ்சம் நிறைந்த வாழ்த்து. நீங்கள் எல்லாரும் நலமாக இருக்க வேண்டும். நான் நலமோ நலம்.

காலையில் எழுந்தால் ஜன்னலில் நல்ல வெளிச்சம். பத்து மணிக்கு அது என் கால் பக்கம் வந்து உட்காரும், பழகின பூனை மாதிரி. எதிர்க் கட்டடத்தில் நூற்றுப்பத்து ஜன்னல். ஒவ்வொன்றிலும் ஒரு குடும்பம், ஒரு சிரிப்பு, ஒரு கண்ணீர். எல்லாம் என் சொந்தங்கள் என்று நினைத்துக்கொள்வேன். மருமகள் எனக்கு மகளுக்கும் மேலே. தாய்க்குத் தாய்.

வா என்று கூப்பிட்டாய். கண் நிறைந்துவிட்டது. ஆனால் இந்த வயதில் ஒரு மனிதனுக்கு என்ன வேண்டும்? ஒரு நாற்காலி. ஒரு ஜன்னல். தூரத்தில் நினைத்துக்கொள்ள ஒரு தங்கை.

இருக்கும்போதே உறவுகளிடம் பேசிவிடுங்கள். நாளை என்பது யாருக்கும் நிச்சயம் இல்லை.

என்றும் அன்புடன்,
உங்கள் அண்ணன்

அத்தை, மாமா, இதற்குக் கீழே மருமகள் நானே எழுதுவது. மேலே இருப்பதில் நான் ஒரு எழுத்துக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. ஆனால் அதை நீங்கள் கேட்டதற்குப் பதிலாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அந்தத் தாங்கியை மே மாதமே பரணில் போட்டுவிட்டேன். வீடியோ போட்டுவந்த பக்கத்தையும் மூடிவிட்டேன். அத்தையின் கடிதத்தைப் போனை அணைத்துவிட்டுத்தான் படித்தேன். மாமனார் இரண்டாம் முறையும் படிக்கச் சொல்லிக் கேட்டார். "பதில் சொல்லுங்க மாமா" என்றால், "நாளைக்கு, நாளைக்கு" என்றே இத்தனை நாள் தள்ளினார்.

இன்று காலை அவராகவே எழுந்து சட்டை மாற்றிக்கொண்டு, தலைசீவி, சரியாகப் பத்து மணிக்கு நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். போன் அடுத்த அறையில் அணைந்து கிடந்தது. நான் தாளும் பேனாவுமாக அவர் வலப்பக்கம் உட்கார்ந்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. தாங்கி நின்ற இடத்தைப் பார்த்துத்தான் சொன்னார். 'ஒரு தங்கை' என்றதும் நிறுத்தினார். நான் உள்ளுக்குள் எண்ணினேன், சரியாக மூன்று. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"மாமா, போன் இல்லை. அத்தைக்கு மட்டும்தான். சும்மா சொல்லுங்க" என்றேன்.

"தெரியும்மா" என்றார். மறுபடியும் அங்கேயே பார்த்தார்.

அவருக்கு வர இஷ்டமா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கிற தகுதியும் எனக்கு இல்லை. இங்கே யார் என்ன சொன்னாலும் அதை நான் பார்த்துக்கொள்கிறேன். கடிதம் வேண்டாம், நேரில் வாருங்கள். முன்வாசல் வழியாகவே வாருங்கள்.

சொல்லி முடித்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "சரியா வந்திருக்காம்மா?" என்று கேட்டார்.

"நல்லா வந்திருக்கு மாமா" என்றேன்.